நீலச் சட்டைக்கு இரண்டு மழை

கையை அகல விரித்துக்கொண்டு நின்றான் தங்கையன். மூச்சை விடச் சொன்னேன். விடவில்லை. நெஞ்சை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டால் சட்டை பெரிதாக வரும், சட்டை பெரிதாக வந்தால் ஆளும் பெரிதாகிவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ.

"எலே, மூச்ச விடு. இப்பிடி நின்னியானா சட்ட உனக்குச் சேராது, உனக்க அப்பனுக்குத்தான் சேரும்" என்றேன்.

சிரித்துவிட்டான். மூச்சு தானாக வெளியே வந்தது. முப்பத்திரண்டு இஞ்சு. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பாறசாலைச் சந்தைக்கு எதிரே இருந்த என் தையல்கடையில் அது நடந்தது. வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டிருந்தது. நீலத் துணியின் புது வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் கடைக்குள் நிறைந்திருந்தன. அவனுக்கு அன்றைக்குப் பதினேழு வயது இருக்கலாம். எனக்கு இருபத்தேழு.

அந்த அளவை நான் எடுத்திருக்கக் கூடாது. மூன்று வாரமாகப் பத்திரிகைக்கு இதை எழுதாமல் தள்ளிப்போட்டு, பஸ் கதையும் பாம்புக் கதையும் எழுதி ஒப்பேற்றினேன். படித்தவர்கள் சிரித்ததாகக் கடிதம் போட்டார்கள். இனித் தள்ளுவதற்குத் தெம்பில்லை. சொல்லிவிடுகிறேன்.

அளவு எடுத்தாச்சா?

எங்கள் ஊர்க் கால்பந்துச் சங்கத்தில் இரண்டு டீம் உண்டு. ஒண்ணாம் டீம் வெளியூர்ப் பந்தயங்களுக்குப் போகும். அவர்களுக்கு நீலச் சட்டை. ரெண்டாம் டீம் என்பது வளர்கிற பையன்கள். அவர்களுக்குச் சட்டை கிடையாது. வெறும் மேலோடு ஆடுவார்கள், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையிலேயே ஆடி வீட்டில் அடி வாங்குவார்கள். செருப்போ பூட்ஸோ யாருக்கும் கிடையாது.

ரெண்டாம் டீமிலிருந்து ஒருவனை மேலே எடுத்தால் அதைக் கூட்டம் போட்டு அறிவிக்க மாட்டார்கள். என் கடைக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான். நான் நாடாவை எடுத்து அளந்தேன் என்றால் அவன் ஒண்ணாம் டீம் ஆள். சந்தையில் மீன் விற்கிற பெண்கள்கூட, "எனக்க மவனுக்கு அளவு எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கூடையை இறக்குவார்கள்.

தையற்காரனும் நான்தான். ஒண்ணாம் டீமில் இடது கோடியில் ஓடுகிற லெஃப்ட் அவுட்டும் நான்தான். போதாததற்கு, ரெண்டாம் டீமைப் பழக்குகிற பொறுப்பும் என் தலையில். யாரும் செய்ய மாட்டேன் என்று ஒதுங்குகிற வேலையெல்லாம் வழி கேட்டு என் வீட்டுக்கு வந்துவிடும். இன்றைக்கும் அப்படித்தான். பேரனுக்குப் பள்ளி நாடகத்துக்கு வால் தைத்துக் கொடுத்த கையோடுதான் இதை எழுதுகிறேன்.

சங்கம் துணி வாங்குவது எப்போதாவது ஒரு தடவை. அதனால் பையன்களுடைய சட்டையில் இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டுத் தைப்பேன். ஆள் வளர வளரத் தையலைப் பிரித்து விட்டால் போதும். தங்கையன் சட்டையிலும் அப்படி விட்டேன். அவனுக்கு அதைக் காட்டவும் செய்தேன்.

ஈரத்தில் விழுவது எப்படி

நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ரெண்டாம் டீமில் இரண்டு இடவப்பாதி ஆடாமல் அளவு எடுக்க மாட்டேன். ஆனி ஆடியில் அடித்துக்கொண்டு வருகிற மழைதான் இடவப்பாதி. மற்ற ஊர்க்காரர்கள் அந்த மாதங்களில் பந்தைப் பரணில் போட்டுவிடுவார்கள். நான் அப்போதுதான் பையன்களை வெளியே இழுப்பேன்.

சந்தைக்குப் பின்னால் ஒரு புறம்போக்கு இருந்தது. மழை விழுந்தால் கணுக்கால் வரை சேறு. அந்தக் காலத்துப் பந்து தோல் பந்து. உள்ளே பிளாடரை வைத்து, வாயைக் கயிற்றால் இழுத்துக் கட்ட வேண்டும். மழையில் நனைந்தால் முழுப் பலாச்சக்கை மாதிரி கனக்கும். கட்டின கயிறு நெற்றியில் பட்டால் தோல் கிழியும். என் வலது புருவத்தில் இன்னும் அந்தத் தழும்பு உண்டு.

தலையைக்கூட ஒரு வாரத்தில் பழக்கிவிடலாம். கால்தான் பழகாது. ஈரத்தில் வழுக்கினால் வழுக்கோடு போய்விட வேண்டும். பாதத்தை ஊன்றி நின்றுவிடலாம் என்று பார்த்தால் முழங்கால் போகும். மனுஷக் காலுக்கு இயல்பு ஊன்றுவதுதான். முதல் மழையில் பையன் யோசித்து விழுவான். இரண்டாம் மழையில் யோசிக்காமல் விழுவான். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விழுந்து விழுந்து நானாகக் கண்டுபிடித்தது.

"அண்ணா, இது பந்துகளியா, சேத்துல விழுற களியா?" என்று தங்கையன் முதல் மழையில் கேட்டான். களி என்றால் எங்கள் பக்கம் ஆட்டம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் நடந்து வருவான். இடது காலில் பந்தை வாங்கினால் விட மாட்டான். வளைந்து ஓடும்போது சிரிப்பு காது வரை போகும். அப்படி ஓடுகிற பையனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

"விழுற களியாக்கும். விழத் தெரிஞ்ச பொறவு பந்து" என்றேன்.

மழை விட்டபோது ஊர் முழுவதும் அவன் பேச்சுதான். அப்போது அவனுக்கு ஒரு மழைதான் ஆகியிருந்தது.

நாம எந்த நாட்டுல

அது எல்லைப் போராட்ட நேரம். தமிழ் பேசுகிற தாலுகாக்களையெல்லாம் மலையாளச் சர்க்காரிடமிருந்து பிரித்து மதராசோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம், கூட்டம், தடியடி. டீ விற்கிற சாயக்கடையில் ஒரு பெஞ்சில் இருப்பவர்கள் எதிர் பெஞ்சோடு பேச மாட்டார்கள். நெய்யாற்றின்கரை எங்கே போகும், பாறசாலை எங்கே போகும் என்று எவருக்கும் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் தெரிந்த மாதிரிதான் பேச்சு.

ஊர்வலக் கொடி தைத்தது யார் என்று ஒரு போலீஸ்காரர் என் கடைக்கு வந்து கேட்டார். நான் அவருடைய கால்சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தேன். "எனக்கு உங்களுக்க நிக்கர் தைக்கவே நேரம் இல்ல சாரே" என்றேன். கொடித் துணியின் வெட்டுத் துண்டுகள் மெஷினுக்கு அடியில்தான் கிடந்தன. என் கால் அதை மிதித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கெடுபிடியில் எங்கள் ஒண்ணாம் டீமின் இரண்டு பேக்கும் தலைமறைவாகிவிட்டார்கள். கோலுக்கு முன்னால் அரணாக நிற்க வேண்டியவர்கள். அப்போது பார்த்து நெய்யாற்றின்கரையில் ஒரு பந்தயம் வந்தது. வடக்கேயிருந்து பெரிய டீம் ஒன்று வருகிறதாம். சாதாரண நாளில் அது வெறும் பந்தயம். அந்த மாதத்தில் அது தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடக்கிற வழக்கு மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் கேப்டன் நாகலிங்கம் பிள்ளை. நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. பழைய சர்க்கார் உத்தியோகக் குடும்பம். மைதானத்தில் தவிர மற்ற எங்கேயும் வேகமாக நடக்க மாட்டார். அன்றைக்கு என் கடைக்கு வேகமாக வந்தார்.

"வேதமணி, பேக்கு ரெண்டு பேரும் இல்ல. ஒருத்தன் மாமியா வீட்டுல ஒளிஞ்சு கெடக்கான். மத்தவன் எங்க கெடக்கான்னு அவனுக்க அம்மைக்கே தெரியாது. நீ பின்னால நில்லு. லெஃப்ட் அவுட்டுல அந்தப் பய தங்கையன் ஓடட்டும்."

"அவனுக்கு ஒரு மழைதான் ஆச்சு, அண்ணாச்சி."

"மழையாவது, வெயிலாவது. வடக்க இருந்து வாற டீமாக்கும். தோத்துட்டு எந்த மொகத்த வச்சிட்டு கோர்ட்டுக்குப் போவேன்?"

"இன்னொரு இடவப்பாதி போட்டும். பொறவு நானே அளவு எடுத்து அனுப்புதேன்."

"அடுத்த இடவப்பாதிக்கு நாம எந்த நாட்டுல இருப்பமோ, ஆருக்குத் தெரியும்?"

ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு மெதுவாக நடந்து போனார்.

ஊர் வாய்

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. தையற்காரன் தன் சட்டையைக் கழற்ற மாட்டான், அந்தப் பையன் வந்தால் இவன் இடம் போய்விடும், அதற்குத்தான் மழைக்கணக்கு சொல்கிறான் என்று. சாயக்கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுப் புத்தகத்தைப் பிரிக்கும்போது பின் வரிசையில் யாரோ, "அளவு எடுத்தாச்சா?" என்று முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

வீட்டில் மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்துவிட்டு என் மனைவி எதிரே உட்கார்ந்தாள். அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"நான் ஒண்ணு கேக்கேன், நெசம் சொல்லணும். அந்தப் பயலுக்கு அளவு எடுக்காம வச்சிருக்கியளே, அது அவனுக்க காலுக்காவா, உங்களுக்க எடத்துக்காவா?"

"அவனுக்க காலுக்காவத்தான்" என்றேன்.

"அப்பிடின்னா என்னத்துக்கு மொகம் இப்பிடிப் போவுது?"

கை கழுவப் போய்விட்டேன்.

இத்தனை வயதுக்குப் பிறகு பொய் எதற்கு? ஒவ்வொரு தடவையும் "இன்னொரு மழை போகட்டும்" என்று சொல்லும்போது எனக்குள்ளே ஒரு சின்ன நிம்மதி இருந்தது. அந்த இடது கோடியில் நான் ஏழு வருஷம் ஓடியிருக்கிறேன். கோட்டோரம் நிற்கிற ஜனங்கள் என் பேரைக் கூப்பிடுவார்கள். கடையில் குனிந்து குனிந்து தைக்கிறவனுக்கு வேறு எங்கே அது கிடைக்கும்? மழைக்கணக்கு சரியான கணக்குதான். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

இரண்டும் உண்மையாக இருந்ததால்தான் ஊர் பேசியது அப்படிச் சுட்டது. மறுநாள் தங்கையனுக்கு ஆள் அனுப்பினேன். நாடாவை எடுத்தேன். எனக்குப் பொறாமை இல்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது. அதற்காக அவனை அனுப்பினேன்.

நெய்யாற்றின்கரையில்

பந்தயத்தன்று காலையிலிருந்தே ஐப்பசியில் வருகிற துலாமழை பிடித்துக்கொண்டது. அப்படியும் கூட்டத்துக்குக் குறைவில்லை. காட்டாக்கடையிலிருந்தும் காஞ்சிரங்குளத்திலிருந்தும் ஆட்கள் நடந்தே வந்திருந்தார்கள். குடை பாதி, தடி பாதி. நடுவில் போலீஸ்.

நான் பின்னால் கோல் பக்கத்தில் நின்றேன். என் இடத்தில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு தங்கையன் நின்றான். உள்ளே துணி விட்டும் சட்டை அவனுக்குக் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருந்தது.

முதல் பாதியில் அவன் ஆடினதை நான் எப்படிச் சொல்வேன்? பந்தை வாங்குவான், இரண்டு பேரைத் தாண்டுவான், மூன்றாமவன் வருவதற்குள் நடுவே தூக்கிப் போட்டுவிடுவான். அப்படிப் போட்ட ஒன்றை நாகலிங்கம் பிள்ளை தலையால் தட்டிக் கோல் போட்டார். கூட்டம் அவன் பேரைக் கூப்பிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வயிறும் எரிந்தது.

இரண்டாம் பாதியில் மழை வலுத்தது. பந்து கனத்துவிட்டது. அவன் கோட்டோரமாக ஓடி வந்தான். எதிர் டீம் பேக் குறுக்கே வழுக்கிக்கொண்டு வந்தான். இரண்டு மழை பார்த்தவனாக இருந்தால் பந்தை விட்டுவிட்டு அந்த வழுக்கிலேயே விழுந்திருப்பான். தங்கையன் இடது காலை ஊன்றினான்.

பச்சைப் பனைமட்டை ஒடிகிற சத்தம் கேட்டது. கோல் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால், அந்த மலையாளத்துப் பேக் சேற்றில் உட்கார்ந்து தங்கையன் தலையைத் தன் மடியில் வைத்திருந்தான். "அனங்கல்லே மோனே, அனங்கல்லே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அசையாதே என்று. அவனும் அழுதுகொண்டிருந்தான். அவன் மேல் பிழை சொல்ல ஒன்றும் இல்லை.

தங்கையன் என்னைப் பார்த்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அண்ணா, சட்ட சேறாயிட்டு" என்றான்.

அன்றைக்கு பஸ் ஓடவில்லை. வழியெல்லாம் மறியல். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்காமல், ஒரு பெஞ்சில் படுக்க வைத்து எலும்பு கட்டுகிற ஆசான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அவர்கள் டீமில் நாலு பேர், எங்கள் டீமில் நாலு பேர். பந்தயம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. ஆசான் தன்னால் ஆனதைச் செய்தார். எலும்பு சேர்ந்தது. நேராகச் சேரவில்லை.

பிறகு மூன்று தடவை அவன் வீட்டுக்குப் போனேன். மூன்று தடவையும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். நியாயம்தானே என்று நினைத்துத் திரும்பி வந்தேன். ரெண்டாம் டீமை விட்டேன். பந்து தொடுவதையும் விட்டேன்.

அப்புறம் எல்லையைப் போட்டார்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் மதராசு, இந்தப் பக்கம் கேரளம். அவன் வீடு அங்கே, என் கடை இங்கே. அங்கே வெடி போட்டுக் கொண்டாடினார்கள். இங்கே சாயக்கடையில் இரண்டு பெஞ்சும் சும்மா இருந்தன. நடுவில் ஒரு செக்போஸ்ட் வந்தது. உண்மையைச் சொன்னால் அந்தச் செக்போஸ்ட் எனக்கு ஆறுதலாக இருந்தது. போகாமல் இருக்க ஒரு காரணம் ஆயிற்று.

என் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. இதை அவர்கள் படிக்கப்போவதில்லை. அதுவும் ஒரு ஆறுதல்தான்.

உள்ளே விட்ட துணி

எத்தனை வருஷம் கழித்து என்று சரியாக நினைவில்லை. என் மூத்தவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். ஒரு காலையில் கடைப் படியில் யாரோ ஏறுகிற சத்தம். ஒரு கால் வைக்கிற சத்தம், ஒரு கால் இழுக்கிற சத்தம்.

"அண்ணா, அளவு எடுக்கணும்."

நிமிர்ந்தேன். மீசை வைத்திருந்தான். கையில் ஒரு துணிப்பை.

"கலியாணமாக்கும். ஒரு பேன்ட் தைக்கணும்."

வலது காலை அளந்தேன். இடது காலை அளந்தேன். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தேன்.

"எத்தன கொறையுது?" என்றான்.

"ஒண்ணர இஞ்சு."

"நான் ரெண்டு இருக்கும்னு நெனச்சேன். கொள்ளாம், பரவால்ல."

முழங்காலில் உட்கார்ந்திருந்த நான் எழுந்திருக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது என்று தோன்றியது. கீழே பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"மக்கா, அந்த வருஷம் நான் உன்ன எறக்கியிருக்கக் கூடாது. ஊருக்க வாய அடைக்கணும்னு செய்துபோட்டேன்."

தெருவில் ஒரு பஸ் போய்ச் சத்தம் அடங்கிய பிறகு அவன் சொன்னான்.

"அண்ணா, அந்தப் பேச்சக் கெளப்பினது நானாக்கும்."

நிமிர்ந்து பார்த்தேன்.

"அண்ணன் தனக்க எடத்த விடமாட்டாரு, அதுக்குத்தான் மழைய சொல்லுதாருன்னு சாயக்கடையில நான்தான் சொன்னேன். பிள்ளை அண்ணாச்சிக்கிட்டயும் போய்ச் சொன்னேன். எனக்கு அந்தச் சட்ட வேணும்னு இருந்துது. பொறவு நீங்க வீட்டுக்கு வரும்போ எல்லாம் உங்க மொகத்தப் பாக்க முடியல்ல. அதுக்குத்தான் செவுத்தப் பாத்துக் கெடந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. இத்தனை வருஷமாக உறக்கம் கெட்டவன் நான். ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாயில் வேறு வார்த்தைதான் வந்தது.

"நீ சொன்னது முழுக்கப் பொய்யும் இல்ல."

அவன் ஆச்சரியப்படவில்லை. "செரி" என்றான். பிறகு குனிந்து என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டான்.

துணிப்பையைத் திறந்து ஒரு சட்டையை எடுத்து மேசையில் வைத்தான். நீலச் சட்டை. துவைத்துத் துவைத்து வானம் மாதிரி வெளுத்திருந்தது. சேறு போயிருந்தது.

"இதக் கொஞ்சம் பிரிச்சு விடணும். உள்ள துணி விட்டிருக்கேன்னு அன்னைக்கி காட்டினியளே."

"கலியாணத்துக்கா?"

"கலியாணத்துக்கு இதப் போட்டா பெண்ணு ஓடிப்போவா. எங்க பக்கத்துப் பயலுவ கொஞ்சம் பேரு சாயந்தரம் பந்தடிக்க வருதானுவ. நான் போய் நின்னு சொல்லிக் குடுக்கேன்."

சட்டையை உள்புறமாகத் திருப்பினேன். பக்கத் தையலுக்கு உள்ளே நான் மடித்து விட்ட துணி அப்படியே இருந்தது. வெயில் படாமல் கடுநீலமாக.

"பிரிச்சா ரெண்டு பக்கமும் நெறம் மாறித் தெரியும்" என்றேன்.

"தெரியட்டும்."

கத்திரியின் நுனியைத் தையலுக்குள் விட்டேன். முதல் நூல் அறுந்த பிறகு, அவனைப் பார்க்காமலே கேட்டேன்.

"உனக்க பயலுவளுக்கு எத்தன மழை?"

"மூணு" என்றான்.